ட்ரைட்டான்ல கரைச்சா காமா சீக்ரிடேஸ் வேலை செய்யாது

மெம்ப்ரேன (செல் சவ்வ) கரைக்க ட்ரைட்டான் எக்ஸ்-100ங்கிற டிடர்ஜென்ட விட்டுட்டு, அதவிட மென்மையான சாப்ஸோங்கிற டிடர்ஜென்ட 1% எடுத்து அதுல கரைங்க. வெஸ்டர்ன்ல (புரோட்டீன ஜெல்ல ஓட்டி ஆன்டிபாடியால தேடுற சோதனை) ப்ரெசெனிலின் பேண்டு நல்லா வருது, ஆனா எலிசாவுல (ஆன்டிபாடி வச்சு அளவு பார்க்குற சோதனை), காமா சீக்ரிடேஸ் வெட்டுறதால வர்ற அமிலாய்டு பீட்டா சுத்தமா இல்லனு எழுதியிருந்தீங்க, அதுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த டிடர்ஜென்ட்தான்.

காமா சீக்ரிடேஸ்ங்கிற இந்த என்சைம் தனி ஆள் இல்ல, ப்ரெசெனிலின், நிகாஸ்ட்ரின், ஏபிஎச்-1, பென்-2னு நாலு மெம்ப்ரேன் புரோட்டீனும் ஒண்ணா ஒட்டியிருந்தாதான் வெட்டும், ட்ரைட்டான் அந்தக் கூட்டத்தையே பிரிச்சுடுது. வெஸ்டர்னுக்கு ஓட்டுற எஸ்டிஎஸ் ஜெல்ல எப்படியும் எல்லாமே தனித்தனியா பிரிஞ்சுதான் ஓடும், அதனால பேண்டு இருக்குறத வச்சு என்சைம் உயிரோட இருக்குனு நம்பிடாதீங்க. நிறைய பேர் வாரக்கணக்குல மாட்டிக்கிற இடம் இது.

முதல்ல இத செஞ்சு பாருங்க:

1. ஒரே மெம்ப்ரேன ரெண்டா பிரிச்சு ஒண்ண ட்ரைட்டான்ல, இன்னொண்ண சாப்ஸோவுல கரைங்க.

2. ரெண்டுலயும் நிகாஸ்ட்ரின் ஆன்டிபாடி போட்டு நிகாஸ்ட்ரின வெளிய இழுத்து, கூடவே ப்ரெசெனிலின் துண்டு (30 கிலோடால்டன் பக்கம் வர்றது), பென்-2 வருதானு பாருங்க. சாப்ஸோவுல மட்டும் வந்தா விஷயம் உறுதி.

ரியாக்‌ஷன்ல சாப்ஸோவ 0.25% அளவுக்கு நீர்த்துக்கோங்க, 1%லயே விட்டா ஆக்டிவிட்டி படுத்துடும், கொஞ்சம் பாஸ்ஃபாடிடைல்கோலின் (சவ்வுல இருக்குற ஒரு கொழுப்பு) சேர்த்தா இன்னும் நல்லா ஏறும். டிஏபிடி (காமா சீக்ரிடேஸ தடுக்குற பொருள்) போட்ட ஒரு ட்யூபும் கட்டாயம் வைங்க, ஏன்னா சிக்னல் வந்தாலும் அது டிஏபிடியில இறங்கலனா காமா சீக்ரிடேஸ் வேலைனு எடுத்துக்க முடியாது.