அம்மா எங்கே நடப்பார்?

வணக்கம் ஐயா,

மதுரையில் வேலை பார்க்கிறேன். ஜூன் முதல் சென்னை கிண்டி ஆபீசுக்கு மாற்றல். மனைவி, ஆறாம் வகுப்புப் போகும் மகள், 72 வயது அம்மா. இரண்டு வீடு பார்த்திருக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ் போர்ஷன், வெளிச்சம் குறைவு, வாடகை 28 ஆயிரம். கூடுவாஞ்சேரியில் புது அபார்ட்மென்ட், நீச்சல்குளம், பார்க் எல்லாம் உண்டு, 17 ஆயிரம். கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் பக்கம். பத்து வருடத்தில் அந்தப் பக்கம் இன்னொரு தி.நகர் ஆகிவிடும் என்கிறார் புரோக்கர். அம்மாவுக்கு டிவி இருந்தால் போதும், எங்கேயும் இருந்துகொள்வார். சிட்டியா, புறநகரா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பி,

ஊர் மாறும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்களே, அதற்கே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த டிவி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா?

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நீச்சல்குளத்தை மறந்துவிடுங்கள். பள்ளிக்கூடம் இரண்டு இடத்திலும் கிடைக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் ஆகும். தாம்பரத்தைத் தாண்டினால் வண்டிகள் குறைவு, அதைக் கணக்கில் வையுங்கள். கிளாம்பாக்கம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 2023 டிசம்பரில் அது திறந்த பிறகு மதுரை பஸ் ஏறுவது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வசதி. மழைத் தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கத்தையும் நம்பாதீர்கள். 2015இல் தாம்பரத்துக்குப் பக்கத்து முடிச்சூர் மூழ்கியது, 2021 நவம்பரில் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். கூடுவாஞ்சேரியிலும் மழைக்கு மூழ்கும் நகர்கள் இருக்கின்றன. தண்ணீர் எதுவரை வந்தது என்று புரோக்கரைக் கேட்காமல், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள்.

இப்போது அம்மா.

என் அத்தை மேற்கு மாம்பலத்தில் வாழ்ந்தவர். காலையில் கீரைக்காரம்மாவிடம் பேரம், சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் உபந்நியாசம், வழியில் பூ, மருந்துக்கடை. எல்லாம் சேர்த்தால் அரை கிலோமீட்டர் இருக்காது. ஆனால் அதைக் கடக்க அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும், ஏனென்றால் பத்துப் பேர் நிறுத்திப் பேசுவார்கள். மாமா போன பிறகு மகன் ஊரப்பாக்கத்துக்கு உள்ளே நல்ல ஃபிளாட் வாங்கி அழைத்துப் போனான். நல்ல பையன், தங்கமானவன். கீரை, பூ, மாத்திரை எல்லாம் போனில் சொன்னால் வாசலுக்கு வந்தது. அத்தை வெளியே போக ஆட்டோ வேண்டும், ஆட்டோவுக்கு மகன் வேண்டும். ஒரு முறை தனியாகக் கோயிலுக்குக் கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோடு என்கிற அந்த நெடுஞ்சாலையைக் கடக்க முடியாமல் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அதை மகனிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். அதற்கப்புறம் எது கேட்டாலும் “ஒண்ணும் வேண்டாம்ப்பா” என்பதே பதிலாகிவிட்டது. அம்மா திருப்தியாக இருக்கிறாள் என்று மகன் நினைத்துக்கொண்டான். உங்கள் அம்மா “டிவி போதும்” என்று சொல்லியிருந்தால், அதுவும் இந்த மாதிரிச் சொல்தானா என்று யோசியுங்கள்.

நீங்கள் காலையில் போனால் ராத்திரிதான் வருவீர்கள். உங்களுக்கு ஏரியா என்பது ஸ்டேஷனிலிருந்து வீடு வரை. பகல் முழுவதும் அங்கே கிடக்கப் போகிறவர் அவர். வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குத்தான் முதல் ஓட்டு. கடையும் கோயிலும் டாக்டரும், உட்கார ஒரு திண்ணையும், பேச ஒரு ஆளும் அவர் கால் போகிற தூரத்தில் இருக்கிறதா? நான் பார்க்கிறது அதைத்தான். சிட்டியா புறநகரா என்ற கேள்வியே எனக்கு முக்கியமில்லை. அடையாறு ஓரத்திலும் கூவம் ஓரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களை ஊருக்கு வெளியே கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு ஏற்றி அனுப்பியபோதும் யாரும் இதைக் கேட்கவில்லை. சுவர் இருந்தது, கூரை இருந்தது. வீட்டு வேலைக்கு நடந்து போன பெண்கள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு யாரும் இரண்டு வீடு காட்டி எது வேண்டும் என்று கேட்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அதை நீச்சல்குளத்துக்காக வீணாக்காதீர்கள்.

புரோக்கர் சொல்வது பொய்யில்லை. தி.நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து உருவான புது நகர்தான். கூடுவாஞ்சேரியும் ஒருநாள் அப்படி ஆகும். ஆனால் பத்து வருடம் கழித்து வரும் கடைத்தெருவில் 82 வயதில் உங்கள் அம்மா நடப்பாரா? அவருக்கு இந்த ஜூலையில் வேண்டும்.

மாம்பலம் வாடகை கழுத்தைப் பிடித்தால் நங்கநல்லூர், குரோம்பேட்டை பாருங்கள். ஒரு காலத்தில் அவையும் புறநகர்தான், இப்போது எல்லாம் காலடியில் இருக்கிறது. கூடுவாஞ்சேரிதான் என்றால் ஸ்டேஷனை ஒட்டிய பழைய தெருக்களில் தேடுங்கள், பழைய வீடானாலும் பரவாயில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அம்மாவைக் கூட்டி வாருங்கள். காரில் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் விட்டு, பக்கத்தில் பூவும் பாலும் வாங்கி வரச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள். திரும்பி வந்து என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.