ஐந்து வருட ஃபிக்ஸ் வேண்டாம், மச்சானின் லோனை முதலில் அடைத்துவிடுங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மோர்ட்கேஜில் (வீட்டுக் கடனில்) 240,000 பவுண் பாக்கி, இன்னும் 22 வருடம். 1.7% ஃபிக்ஸ் (மாறாத வட்டி) நவம்பர் 30 இல் முடிகிறது. வீட்டை விற்கப் போட்டிருக்கிறோம். அடுத்த கோடைக்குள் கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாற எண்ணம். வங்கி ஐந்து வருட ஃபிக்ஸ் 4.3%, டிராக்கர் (பாங்க் ஒஃப் இங்லண்ட் வட்டியோடு ஏறி இறங்குவது) 4.9% என்கிறது. சும்மா விட்டால் 7.5%. "ஃபிக்ஸ் எடு, அது போர்ட்டபிள்" என்கிறார் மச்சான். அவருடைய கடைக்காக என் பெயரில் எடுத்த லோனுக்கு மாதம் 430 கட்டுகிறேன், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்போது மோர்ட்கேஜில் இன்னொரு 20,000 கூட்டி எடுத்துத் தரச் சொல்கிறார். கையில் 14,000 சேமிப்பு உண்டு. என்ன செய்வது?

பதில்: 7.5% இல் விடக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். டிராக்கரைவிட வட்டி மட்டும் மாதம் 520 பவுண் அதிகம்.

போர்ட்டபிள் என்ற சொல்லில் பலர் மயங்கிவிடுகிறார்கள். பழைய வட்டியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கலாம், அவ்வளவுதான். கேட்கும்போது வங்கி உங்கள் வரவு செலவைப் புதிதாகப் பார்க்கும். அங்கேதான் அந்த 430 நிற்கிறது. வங்கி 7% வட்டியில் தாங்குமா என்று சோதித்தால், 25 வருடக் கணக்கில் மாதம் 430 என்பது சுமார் 60,000 பவுண் கடனுக்குச் சமம். பெரிய வீட்டுக்கு உங்களுக்கு வேண்டிய அந்த 60,000 மச்சானின் கடையில் முடங்கிக் கிடக்கிறது.

வங்கி மறுத்தால் ஃபிக்ஸை உடைக்க வேண்டும். முதல் வருடத் தண்டம் 5% என்றால் 12,000. வீட்டை விற்ற நாளுக்கும் வாங்கும் நாளுக்கும் இடைவெளி விழுந்தாலும் முதலில் தண்டத்தைக் கட்டியாக வேண்டும். வங்கி தரும் கால அவகாசத்துக்குள் வாங்கி முடித்தால்தான் அது திரும்பி வரும். இங்கிலாந்தில் எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை (ஒப்பந்தம் கைமாறும்வரை) எந்த விற்பனையும் உறுதியில்லை, ஒருவர் விற்பனையை மற்றவர் நம்பி நிற்கும் செயினில் ஒருவர் பின்வாங்கினால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

எனவே தண்டம் இல்லாத டிராக்கர். ஃபிக்ஸைவிட 0.6% கூட, வட்டியில் மாதம் 120, ஒன்பது மாதத்துக்கு 1,080 பவுண். 12,000 ஆபத்துக்கு எதிராக இது மலிவு. பாங்க் ஒஃப் இங்லண்ட் கால் சதவீதம் ஏற்றினால் வட்டி மாதம் 50 பவுண் கூடும், அதைத் தாங்கலாம்.

இதே வங்கியில் புரொடக்ட் டிரான்ஸ்ஃபராகவே மாறுங்கள், அதாவது அதே கடனில் வட்டித் திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். கடனைக் கூட்டாதவரை பொதுவாக வருமானச் சோதனையும் சொலிசிட்டர் செலவும் இருக்காது. 20,000 கூட்டிக் கேட்டால் அந்தச் சலுகை போய்விடும், முழுச் சோதனை வரும். அந்த 20,000 ஐ 22 வருடம் 4.9% இல் கட்டினால் மொத்தம் 32,700 போகும். கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டுவது நீங்கள். "கடனைக் கூட்டினால் வங்கி முழுச் சோதனை போடும்" என்று மச்சானிடம் சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

பதிவு செய்யும்போது மூன்றைக் கவனியுங்கள். தண்டம் என்ற இடத்தில் "இல்லை" என்று இருக்க வேண்டும். கட்டணம் 999 உள்ளதை எடுக்க வேண்டாம், ஒன்பது மாதத்துக்கு அது மாதம் 111 ஆகிவிடும். தொடங்கும் நாள் டிசம்பர் 1, முந்தினால் 1.7% ஐயும் இழந்து பழைய ஃபிக்ஸுக்குத் தண்டமும் கட்ட நேரிடலாம்.

சேமிப்பிலிருந்து மச்சானின் லோனை அடைத்துவிடுங்கள். பாக்கி சுமார் 9,600 இருக்கும். செட்டில்மென்ட் தொகையை (இன்றே முழுதாக அடைக்க வேண்டிய தொகையை) எழுத்தில் கேளுங்கள், ஒன்றிரண்டு மாத வட்டி சேர்த்துக் கேட்பார்கள். அடைத்தது கிரெடிட் ஃபைலில் ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். ஆகவே புது வீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதமாவது இடைவெளி விட்டு, கணக்கு மூடிய கடிதத்தைப் புரோக்கரிடம் கொடுங்கள். அந்த 9,600 ஐ மச்சான் இனி மாதம் 430 ஆக உங்களுக்குத் திருப்பித் தரட்டும். வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் (மாதாமாதம் தானாகப் பணம் வரும் கட்டளை) போட்டுத் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் விட வேண்டாம்.