4 இன்ச் போதுமா, 6 இன்ச் வேணுமா?

கேள்வி: சார், கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு வீடு கட்டிட்டிருக்கோம். பின்பக்க பாத்ரூம்ல இருந்து ரோட்டு சேம்பர் (கழிவுநீர்த் தொட்டி) வரைக்கும் 60 அடி. பிளம்பர் 6 இன்ச் பைப்பே போட்டுடலாம், வாட்டம் (சரிவு) கம்மியா இருந்தாலும் அடைக்காதுங்கறார். இன்ஜினியர் 4 இன்ச் போதும்ங்கறார். யார் சொல்றதைக் கேக்கறது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இன்ஜினியர் சொல்றதுதாங்க சரி. பைப் பெருசா இருந்தா அடைக்காதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, ஆனா வீட்டுல நடக்கறது நேர் எதிர். ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து 10 பேர்னு வைங்க, ஆளுக்கு 135 லிட்டர், அதுல 80 சதவீதம் கழிவா வரும்னு கணக்கு, ஆக ஒரு நாளைக்கு 1,080 லிட்டர்தான். இவ்வளவு கம்மித் தண்ணி 6 இன்ச் பைப்புக்குள்ள போனா அடியில மெல்லிசா பரவி ஓடிடும், மலம் மிதக்கறதுக்கு ஆழமே கிடைக்காது, தண்ணி மட்டும் போய் கசடு அங்கேயே தங்கி காய்ஞ்சு இறுகிடும்.

கழிவு தானா அடிச்சுட்டுப் போக நொடிக்கு 0.75 மீட்டர் வேகம் வேணும். 4 இன்ச் பைப் பாதி நிறைஞ்சு ஓடும்போது அந்த வேகம் கிடைக்கணும்னா 57 அடிக்கு 1 அடி வாட்டம், அதாவது 10 அடிக்கு ரெண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. இந்த வாட்டத்துல பாதி பைப்புலயே நொடிக்கு 3 லிட்டர் போகும், ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல ஃபிளஷ் பண்ணாலும் தாங்கும். உங்க 60 அடிக்கு மொத்தம் ஒண்ணேகால் அடி இறக்கத்துக்கு இடம் வச்சுக்கங்க. முதல்ல ரோட்டு சேம்பர்ல பைப்போட அடிமட்டத்தை அளந்துட்டு அங்கிருந்து பின்னாடி கணக்கு போட்டு வாங்க, தரை மட்டத்தை முடிவு பண்ணினப்புறம் இதை யோசிச்சா வழியே இருக்காது. பள்ளம் மூடறதுக்கு முன்னாடி நீங்களே நின்னு ட்யூப் லெவல் (தண்ணி நிரப்பின மட்டக் குழாய்) வச்சுப் பாருங்க. வாங்கும்போது பி டைப் பைப்பா கேளுங்க, ஏ டைப் மழைத்தண்ணிக்கும் வென்ட்டுக்கும் (காத்து போற பைப்) தான்.

சேம்பர் விஷயத்துல தயவுசெஞ்சு இடத்தை மிச்சம் பிடிக்காதீங்க. பைப் திரும்பற இடம், ரெண்டு லைன் சேர்ற இடம் எல்லாத்துலயும் ஒண்ணு வேணும். 90 செ.மீ. ஆழம் வரைக்கும் உள்ளளவு 90க்கு 80 செ.மீ., அதுக்கு மேல 2.5 மீட்டர் வரைக்கும் 120க்கு 90. அடியில அரைவட்டமா வாய்க்கால் எடுத்து ரெண்டு பக்கமும் சரிவா பூசச் சொல்லுங்க, சமமா விட்டா அங்கதான் கழிவு தேங்கும். அடைப்பு வந்தா மேல நின்னே கம்பி விட்டு எடுக்கற மாதிரி இருக்கணும், ஆளை உள்ள இறக்கற நிலைமை வரவே கூடாது. கையால மலம் அள்ளறதுக்கு எதிரான 2013 சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்கறதைத் தடை பண்ணியிருக்கு, அப்படியும் விஷவாயு தாக்கி ஆளுங்க செத்துட்டேதான் இருக்காங்க, மனசு ஆறலைங்க.

கேள்வி: மொட்டைமாடி மழைத்தண்ணியையும் இதே சேம்பர்ல விட்டா பைப் கழுவின மாதிரி ஆகும்ங்கறாங்களே?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம்மா. 1,000 சதுர அடி மாடியில மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை கொட்டினா நொடிக்கு 2.6 லிட்டர் வருது, மேல சொன்ன 3 லிட்டர்ல கிட்டத்தட்ட எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கும். அந்த நேரம் ரோட்டு சேம்பரும் நிறைஞ்சிருந்தா கழிவு கீழ்வீட்டு பாத்ரூம் நாணி ட்ராப் (தரையில தண்ணி வடியற ஓட்டை) வழியாத்தான் முதல்ல மேல வரும். மழைத்தண்ணிக்கு தனி பைப் போட்டு சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டு போயிடுங்க.