வலு இருந்தும் கால் நகராதது ஏன்?

மூளையிலுள்ள பேசல் கேங்லியா பழுதடைந்தால் கை கால்கள் செயலிழந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பழுதினால் மட்டும் பக்கவாதம் போன்ற செயலிழப்பு வருவதில்லை. தசையில் வலு இருக்கும், ஆனால் நினைத்த நேரத்தில் அசைவைத் தொடங்கவோ நிறுத்தவோ முடியாது. மலேசியாவின் பினாங்கில், இந்தப் பகுதியின் வேலையைக் குலைக்கும் பார்க்கின்சன் நோயுள்ள என் அப்பாவை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருவதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மூளையின் ஆழத்தில், இரு பக்கங்களிலும் அமைந்த நரம்பணுத் திரள்களே பேசல் கேங்லியா. இவற்றின் வேலை அசைவை உண்டாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இவை பெரும்பாலும் தடுத்துப் பிடித்திருக்கின்றன. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூளையின் மேற்பரப்புக்குச் செய்திகளை அனுப்பும் தலாமஸை அடக்கி வைத்திருந்து, ஓர் அசைவு தேவைப்படும்போது அதற்குரிய பிடியை மட்டும் தளர்த்தி, அதனோடு போட்டியிடும் மற்ற அசைவுகளின் மீதான பிடியை இறுக்குகின்றன. இந்தத் தளர்வுக்குத் துணைநிற்பது, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின். அதைச் சுரக்கும் நடுமூளையின் கருநிற அணுக்களில் கணிசமான பங்கு அழிந்த பிறகே பார்க்கின்சன் நோய் வெளியே தெரிகிறது. நோயாளிகளின் பேசல் கேங்லியாவில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற மருந்தைக் கொண்ட சிகிச்சைக்கு அதுவே வழிவகுத்தது.

முப்பது ஆண்டுகள் தே தாரிக் என்ற நுரைத் தேநீரை ஆற்றிய அப்பாவின் கால்கள், அடுப்படி வாசலில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். "ஏங்க அடம் பிடிக்கிறீங்க, வாங்க" என்று அம்மா கடிந்துகொள்வார். நானும் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அது அடம் இல்லை என்பதை அறியாமல் கழிந்த மாதங்களை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது. அதே அப்பா, பழைய கடை வீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் கறுப்பு வெள்ளைத் தரை ஓடுகளைப் பார்த்து, ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தடையின்றி நடந்தார். பழகிய நடையைத் தானாகத் தொடங்கித் தரும் வழி பழுதானாலும், கண் பார்த்த குறியை நோக்கி அடிவைக்கும் போது மூளை வேறு பாதைகளைத் துணைக்கு அழைப்பதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

அதனால் அடுப்படி வாசலில் மஞ்சள் நாடாக்களைக் குறுக்கே, ஓர் அடி இடைவெளியில் ஒட்டினோம். ஒரு துண்டு உரிந்துபோன காலையில் அப்பா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். புதியதை ஒட்டியதும் காலைத் தூக்கி அதைத் தாண்டி உள்ளே வந்தார்.