இஞ்சிக் காட்டுக்கு சைக்கிளில்

கேள்வி: ஒசாகாவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன், வயது 36. போன வருடம் இங்கே ஒரு வாரச்சந்தையில் இஞ்சி விற்க வந்திருந்த வயதான கணவன் மனைவியோடு பழக்கமானது. ஷிகோகு தீவில், கோச்சி மாகாணத்தில், குபொகாவா ஊருக்குப் பக்கத்தில் அவர்களுக்கு வீடும் காடும் இருக்கிறது. புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். அதில் "ஒருமுறை அவசியம் வந்து தங்குங்கள்" என்று கையால் எழுதியிருந்தது. அக்டோபர் கடைசியில் மூன்றே நாளில் சைக்கிளில் போய்ச் சேர்ந்து, ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம் என்று ஆசை. "அது மரியாதைக்கு எழுதியது, போய் நிற்காதே" என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். நான் சைவம் வேறு. போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் மூன்று நாள், ஒரு வாரம் என்ற இரண்டு கணக்கையும் மாற்றிக்கொண்டு போங்கள்.

முதலில் உங்கள் நண்பர்கள் சொல்வது. அதில் பாதி சரிதான். ஜப்பானியர்கள் ஷாகோஜிரேய் என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், சபைக்குச் சொல்லும் இனிய சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று நம் ஊரிலும் பஸ் ஏறும்போது சொல்வோமே, அதேதான். அச்சடித்த அட்டையில் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள் என்றால் உங்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியில் தேதி கிடையாது. தேதி இல்லாத அழைப்பை வைத்துக்கொண்டு சைக்கிளை எடுக்கக் கூடாது.

தேதியை நீங்கள்தான் போட வேண்டும். இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள், கைப்பட, ஜப்பானிய மொழியில், தப்பு இருந்தாலும் பரவாயில்லை. இன்ன இரண்டு தேதிகளில் ஏதாவது ஒன்று தோதுப்படுமா, இரண்டு இரவு தங்கலாமா, இஞ்சி எடுக்கும் நேரமாக இருந்து தொந்தரவாகும் என்றால் அடுத்த வருடம் வருகிறேன் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர்கள் நேராக "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள், அதனால் மறுப்பதற்கான வழியை நீங்களே திறந்து வைக்க வேண்டும். "அந்தச் சமயம் கொஞ்சம்..." என்று இழுத்தாற்போல் பதில் வந்தால் அதுதான் மறுப்பு, மறுபடி கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு வருவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள்" என்று திருப்பிக் கேட்டால் படுக்கை விரித்தாயிற்று என்று அர்த்தம்.

இந்த "எத்தனை மணிக்கு" விஷயத்தில் நான் ஒருமுறை அசிங்கப்பட்டிருக்கிறேன். பல வருடம் முன்பு, அதே கோச்சி மலைப்பக்கம்தான் (கேரளத்துக் கொச்சி இல்லை, பெயரைச் சொன்னாலே வீட்டில் குழப்பம்), ஒரு வீட்டில் தங்க ஏற்பாடு. ஐந்து மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். வழியில் ஓர் அருவி, அப்புறம் ஒரு டீ, அப்புறம் ஒரு பஞ்சர். ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நம் ஊர்க் கணக்கில் அது தாமதமே இல்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் கூட்டுரோட்டில் டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே அந்த அம்மா சாப்பிடாமல் காத்திருக்கிறார், குளியல் தொட்டி வெந்நீரை இரண்டாவது தடவை சூடாக்கியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு என்னைத் தேடிக் கீழே போயிருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதனால்தான் உங்கள் மூன்று நாள் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தூரம் மொத்தமே ஏறக்குறைய 300 கிலோமீட்டர், நாளைக்கு நூறு, கால் தாங்கும், அதெல்லாம் சரி. ஆனால் நாளைக்கு நூறு என்று கச்சிதமாகக் கட்டிய பயணத்தில் ஒரு பஞ்சருக்குக்கூட இடமில்லை. ஐந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளை நாற்பது கிலோமீட்டருக்குள் வையுங்கள். முன்கூட்டியே வந்துவிட்டால் ஊர் எல்லையில் எங்காவது உட்கார்ந்திருங்கள், சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்பதும் அவர்களுக்குச் சங்கடம்தான்.

வழி இப்படி. முதல் நாள் ஒசாகாவிலிருந்து வகயாமா துறைமுகம், 70 கிலோமீட்டர் போல, பெரும்பாலும் சமதளம், பெரும்பாலும் சலிப்பு. அங்கிருந்து தோகுஷிமாவுக்குப் படகு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம், தனிக் கட்டணம் உண்டு. தோகுஷிமாவிலிருந்து யோஷினோ ஆற்றை ஒட்டி மேற்கே இக்கேதா வரை 75 கிலோமீட்டர். ஆற்றங்கரை என்பதால் ஏற்றம் தெரியாது, வழியில் வக்கிமாச்சி என்ற பழைய வணிகர் தெரு இருக்கிறது, அந்தக் காலத்தில் அவுரிச் சாயம் விற்றுச் செழித்த ஊர். இறங்கிப் பாருங்கள். இக்கேதாவில் ஆறு தெற்கே திரும்புகிறது, அங்கேதான் மலை தொடங்குகிறது. ஒபோகே பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கீழே பச்சைத் தண்ணீர், நடுவில் 32-ஆம் எண் நெடுஞ்சாலை. அழகுக்குக் குறைவில்லை, லாரிக்கும் குறைவில்லை. சுரங்கப்பாதைகளுக்குள் நுழையும் முன் நின்று முன் விளக்கையும் பின் சிவப்பு விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள், ஒளிரும் மேலாடை ஒன்று எப்போதும் உடம்பில் இருக்கட்டும். சில இடங்களில் சாலையோரம் குறுகலான நடைமேடை இருக்கும், ரொம்பக் குறுகலாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அதைத் தாண்டினால் ஓத்தோயோ. இந்த ஊரைச் சும்மா கடந்துவிடாதீர்கள். ஊரில் பாதிப்பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டி, கூடி வாழ்வதே தள்ளாடும் கிராமங்களைக் குறிக்க ஜப்பானில் ஒரு சொல் உண்டு, கென்காய் ஷூராகு, எல்லையில் நிற்கும் ஊர் என்பது போல. கோச்சிப் பல்கலைக்கழகத்தில் இருந்த சமூகவியல் பேராசிரியர் ஓனோ அகிரா இந்த மலைப்பக்கத்தைப் பார்த்துத்தான் அதை உருவாக்கினார். பூட்டிய வீடுகள், புல் மண்டிய மேட்டு வயல்கள் எல்லாம் சாலையிலிருந்தே தெரியும். உங்களை அழைத்த இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு இளைஞன் வந்து இரண்டு இரவு தங்குவது சாதாரணச் செய்தி இல்லை, தெருவே எட்டிப் பார்க்கும்.

கோச்சி நகரில் ஒரு நாள் முழுக்க ஓய்வெடுக்கத் தோன்றும், எடுங்கள். அங்கிருந்து குபொகாவா 65 கிலோமீட்டருக்கு மேல். பாதியில் கடல் மட்டத்திலிருந்து நானாகோ கணவாய்க்குக் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற்றம், காலையில் ஏறினால் சுகம், மாலையில் ஏறினால் அழுகை வரும். அதனால் கணவாய்க்கு இந்தப் பக்கம் கடலோரத்தில் ஒரு மின்ஷுக்குவில், அதாவது குடும்பம் நடத்தும் சின்ன விடுதியில், ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் மேலே போங்கள். ஐந்து நாள் கணக்கு அப்படித்தான் முடிகிறது, ஓய்வு நாள் எடுத்தால் ஆறு. அக்டோபர் கடைசியில் அங்கே சாயங்காலம் ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், மலை மறைப்பதால் அதற்கும் முன்பே இருட்டும். இன்னொன்று, குபொகாவா பக்கம் ஓடும் ஷிமாந்தோ ஆற்றின் மேல் சின்காபாஷி என்ற பாலங்கள் இருக்கின்றன. வெள்ளத்தில் முழுகட்டும், மரம் மட்டை வந்து சிக்கக் கூடாது என்று கைப்பிடிச் சுவரே இல்லாமல் கட்டியவை. பகலில் படத்துக்கு நன்றாக இருக்கும். பாரம் கட்டிய சைக்கிளில் இருட்டில் ஓட்டாதீர்கள்.

நேரம் தவறும் என்று தெரிந்தால் உடனே நின்று சொல்லிவிடுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுக்காதீர்கள், 2024 நவம்பரிலிருந்து சட்டம் கடுமையாகிவிட்டது, பல கடைகளில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழையோ முழங்கால் வலியோ வந்தால் வீம்பு வேண்டாம். இக்கேதாவிலிருந்து குபொகாவா வரை ரயில் உண்டு, சைக்கிளைக் கழற்றி ரின்கோ பையில் முழுசாக மூடினால் தனிக் கட்டணமில்லாமல் ஏற்றலாம், சீட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வண்டிகள் குறைவு, நேரத்தை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் பற்றி. இதுதான் உங்கள் பயணத்தின் உண்மையான ஏற்றம். கோச்சிக்காரர்களுக்குக் கட்சுவோ மீன் என்றால் உயிர், வைக்கோல் தீயில் வெளிப்புறத்தை மட்டும் சுட்டு வெட்டித் தருவார்கள், நீங்கள் போகும் சமயம் கொழுத்த மீன் திரும்பி வரும் பருவம். இன்னொரு வேடிக்கை, விருந்தாளியைக் குறிக்கும் ஒக்யாகு என்ற சொல்லுக்கு அந்த ஊர்ப் பேச்சில் விருந்து என்றே பொருள். அப்படிப்பட்ட வீட்டில் தட்டு வந்த பிறகு "நான் சைவம்" என்றால் அந்த அம்மாவின் முகம் என்ன ஆகும்? கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். வெஜிடேரியன் என்ற சொல் போதாது, இறைச்சி, மீன், மீன் போட்டு இறக்கிய தாஷி என்ற சாறு மூன்றும் வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள், கொம்பு கடற்பாசியிலோ ஷீத்தாக்கே காளானிலோ இறக்கிய தாஷி சரி என்றும் எழுதுங்கள். சாப்பிட மாட்டாத பட்டியலைவிடச் சாப்பிடுகிற பட்டியல் நீளமாக இருக்கட்டும். அந்த மலைப்பக்கத்திலேயே இனாகாஸுஷி என்று ஒன்று உண்டு, மூங்கில் குருத்து, காளான், கொன்யாக்கு என்ற கிழங்கு மாவுக் கட்டி, மியோகா என்ற இஞ்சி வகை மொட்டு எல்லாம் வைத்து, யூசு என்ற புளிப்புப் பழத்தின் சாறு விட்டுச் செய்வது. அந்தப் பெயரைக் கடிதத்தில் குறிப்பிட்டால் அவர்களுக்கு நிம்மதி, உங்களுக்குச் சாப்பாடு. வழியில் உமேபோஷி, அதாவது உப்பில் ஊறிய புளிப்புப் பழம், வைத்த சோற்று உருண்டை எல்லாக் கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் கிடைக்கும், பின்பக்கம் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஒரு வேளை நீங்கள் சமைக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஜப்பானிலேயே இஞ்சியும் கத்திரிக்காயும் அதிகம் விளைவது கோச்சியில்தான், நமக்கு வேறென்ன வேண்டும்! சமையலுக்கான பொடிகளைப் பையில் கொண்டுபோங்கள், காரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இதற்கு மேல் பரிசு என்று பெட்டி பெட்டியாகத் தூக்காதீர்கள், தனித்தனியாகச் சுற்றிய பிஸ்கட்டோ டீத்தூளோ ஒரு சின்னப் பெட்டி போதும், பக்கத்து வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கத் தோதாக.

வீட்டுக்குள் போகும் முறை மூன்று வருடத்தில் உங்களுக்குப் பழகியிருக்கும். சைக்கிள்காரனுக்கு மட்டும் இரண்டு சொல்கிறேன். ஈரமான, மண் ஒட்டிய பைகளைத் தாதாமிப் பாய் மேல் வைக்காதீர்கள், பழைய செய்தித்தாள் கேட்டு வாசலிலேயே விரித்து வையுங்கள். முதல் குளியலை உங்களுக்குத்தான் கொடுப்பார்கள், வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும், வெளியே வந்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிடாதீர்கள். அதே தண்ணீரில்தான் மற்றவர்கள் இறங்குவார்கள்.

ஒரு வாரம் தங்குவது வேண்டாம். இஞ்சி அக்டோபர், நவம்பரில்தான் தோண்டுவார்கள், அவர்களுக்கு வருடத்திலேயே பரபரப்பான நேரம். ஒரு காலைப்பொழுது நீங்களும் கூட நின்று மண் தட்டித் தண்டு நறுக்கிக் கொடுங்கள், ஒத்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிடுங்கள். "இன்னும் ஒரு நாள் இருங்களேன்" என்பார்கள், முதல் தடவை சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம் இன்னும் சுற்ற ஆசை என்றால் ஷிமாந்தோ ஆற்றோரம், ஷிகோகுவைச் சுற்றி எண்பத்தெட்டுக் கோயில் யாத்திரை போகிறவர்கள் தங்கும் விடுதிகளில் தங்கலாம். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஏழெட்டாயிரம் யென்னிலிருந்து கிடைக்கும்.

போகும்போது ஒரு பையை மட்டும் காலியாக விட்டு வையுங்கள். நான் கிளம்பிய காலையில் கையில் கொடுத்த இஞ்சி நாலு கிலோ. சைக்கிளில் வந்தேன், பாரம் தாங்காது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா போய் இன்னும் உறுதியான பையாகப் பார்த்து எடுத்து வந்தார்.