தளப் பொறியாளருக்கு எதற்கு அறுபதாயிரம் ரூபாய்ச் சான்றிதழ்?

கேள்வி: சிவில் பி.இ. முடித்து ஆறு ஆண்டுகளாக அடுக்குமாடிக் கட்டுமானத்தில் தளப் பொறியாளராக இருக்கிறேன். காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டாகிவிடுகிறது. கம்பி எண்ணுவதும் பில் சரிபார்ப்பதும்தான் வேலை. படித்த வடிவமைப்புக் கணக்கெல்லாம் மறந்துவிட்டது. ஒரு பயிற்சி மையம் 60,000 ரூபாய்க்கு மென்பொருள் பயிற்சி, சான்றிதழ், 'நூறு சதவீத வேலை உறுதி' என்கிறது. மாதத் தவணைக்கும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். தொடரலாமா, ஐயா?

பதில்: வேண்டாம். தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அது பயிற்சிக் கட்டணம் அல்ல, உங்கள் பெயரில் ஒரு கடன் நிறுவனம் தரும் கடன். பணம் மொத்தமாக மையத்துக்குப் போய்விடும். இரண்டாம் வாரமே வகுப்பு பிடிக்காமல் நின்றாலும், மையமே பூட்டிக்கொண்டு போனாலும், தவணை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது தெரியும். 'வேலை உறுதி' என்பதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

அந்த மையங்களில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். ஈடாப்ஸ் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் காட்டும் எண் சரியா தவறா என்று பார்க்கும் கண்ணைத் தர மாட்டார்கள். நீங்கள் இழந்தது அந்தக் கண்ணைத்தான், அது திரும்ப வருவதற்கான இடத்தில்தான் தினமும் நிற்கிறீர்கள்.

உங்கள் கட்டடத்தில் 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் படுக்கையறை ஒன்று இருக்குமல்லவா? அதன் மேல்தளம் 125 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சொந்த எடை, தரைப் பூச்சு, ஆட்கள் புழங்கும் பாரம் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஆறு கிலோ நியூட்டனைச் சற்றே தாண்டும். பாதுகாப்புக்காக ஒன்றரையால் பெருக்கி, கான்கிரீட் வடிவமைப்புக்கான தர விதியான ஐ.எஸ். 456-இன் அட்டவணையைத் திறந்து கையால் கணக்குப் போடுங்கள். தேவையான கம்பி, விதி சொல்லும் குறைந்தபட்ச அளவைத் தாண்டுவதே அரிது, 8 மி.மீ. கம்பியை 300 மி.மீ. இடைவெளியில் வைத்தாலே கணக்கு தேறிவிடும். வரைபடத்திலோ இடைவெளி 150 என்று இருக்கும். ஏன்? விரிசலுக்குப் பயந்தா, பக்கத்துப் பெரிய கூடத்துக்குப் போட்டதையே இங்கும் இழுத்துவிட்டார்களா? வடிவமைப்பாளரைக் கேளுங்கள். எரிச்சல்படுவார், பரவாயில்லை. கணக்குத் தாளைக் காட்டாமல் வரைபடத்தை மட்டும் தளத்துக்கு அனுப்பும் வழக்கத்தால்தான் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் கம்பி எண்ணுகிறவர்களாகிவிட்டார்கள்.

இன்னொன்று. இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணையும் லாப் நீளத்தைக் கம்பி கட்டுபவர் 'ஐம்பது டி', அதாவது கம்பி விட்டத்தைப் போல ஐம்பது மடங்கு, என்பார். எஃப்இ 415 தரக் கம்பி, எம்20 தரக் கான்கிரீட் இருந்த காலத்தில் கணக்குக்கு வந்தது 47 மடங்கு, ஐம்பது போதும். இன்று வருவது அதைவிட வலுவான எஃப்இ 500. அதே எம்20-இல் பீமின் இழுவிசைப் பகுதியில் ஏறத்தாழ 57 மடங்கு வேண்டும். எம்25 என்றால் 49 அளவில் நின்றுவிடும். உங்கள் தளத்தில் எது எது என்று நாளைக்கே பாருங்கள்.

வாரத்துக்குக் கட்டடத்தின் ஓர் உறுப்பை இப்படிக் கணக்குப் போடுங்கள், ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் போதும். தர விதிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாகத் தரவிறக்கலாம். கம்பி விவரங்களுக்கு அந்த அமைவனத்தின் கையேடான எஸ்.பி. 34 போதும். பாடம் கேட்க ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல். இருக்கிறது, காணொளிகளுக்குக் காசில்லை. தேர்வு எழுதினால் மட்டும் சிறு கட்டணம். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டியிருப்பதால் அந்தச் சான்றிதழுக்காவது கொஞ்சம் மதிப்பு உண்டு.

பணம் கட்டிப் படிப்பதில் ஒன்றை மட்டும் விலக்காகச் சொல்வேன்: பகுதிநேர எம்.இ. கிண்டிப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் மாலை வகுப்பு, மூன்று ஆண்டு. நுழைவுத் தேர்வு உண்டு, அனுபவச் சான்று கேட்பார்கள், தினமும் மாலை வகுப்பில் இருந்தாக வேண்டும். இரவு எட்டுக்கு விடும் நிறுவனத்தில் இருந்துகொண்டு இது நடக்காது என்பதும் உண்மை. வேலை செய்பவர்களுக்கான படிப்பு என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. அறிவிக்கும், அவர்களை ஐந்தரைக்கு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எந்த முதலாளியையும் எவரும் கேட்பதில்லை. அதனால்தான் 'வாரம் ஒருநாள் வந்தால் போதும், எம்.டெக்.' என்று தரகர்கள் கிளம்புகிறார்கள். முன் அனுமதியில்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் தந்த பொறியியல் பட்டங்களில், 2001–2005 கல்வியாண்டுகளுக்குப் பின் சேர்ந்தவர்களுடையதை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் அடியோடு ரத்து செய்தது. கட்டணம் கட்டியவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஆகவே ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பாடத்துக்கு, பகுதிநேரத்துக்கு என்று மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு ஒப்புதல் என்று மட்டும் காட்டினால் போதாது.

முன்பணத்தைத் திருப்பித் தரும்படி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி நிறுத்திக்கொள்ளாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தரமறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.