நுவரெலியா வீட்டுக் குளிரும் வெள்ளவத்தைக் கடனட்டையும்

கேள்வி: நானும் கணவரும் வெள்ளவத்தையில் இருக்கிறோம், இருவருக்கும் வேலை. மாமாவும் மாமியும் நுவரெலியா வீட்டில். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பமே அங்கே கூடும். சிவப்புச் சீமெந்துத் தரை, காலை வைக்க முடியாத குளிர், மாமாவுக்கு முழங்கால் வலி வேறு. மச்சாள் கொழும்பு 7இல் ஒரு கடையில் கம்பளிக் காபட் பார்த்து வைத்திருக்கிறார், 240,000 ரூபா. எங்கள் கடனட்டைக்கு 12 மாதத் தவணை, வட்டி இல்லையாம். அதை வாங்கலாமா, மெசினில் செய்த மலிவான காபட் போதுமா? மூன்று வருடமாக அந்த வீட்டுக்கு மச்சாள் சொல்லி வாங்கிய சலவை இயந்திரம், சுடுநீர்க் கருவி, கட்டில்கள் எல்லாமே எங்கள் அட்டையில்தான். அட்டையில் ஏற்கெனவே 4 இலட்சம் அளவில் நிற்கிறது, வட்டி 26 வீதம், குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. அவசரத்துக்கென்று 3 இலட்சம் நிலையான வைப்பில் 8 வீதத்துக்குப் போட்டிருக்கிறேன். வீட்டுச் செலவு போக மாதம் 45,000 மிஞ்சும், அதில்தான் அட்டைக்கு 20,000 கட்டுகிறேன். அட்டையின் கடைசி ஆறு மாதக் கணக்குக் கூற்றுகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒரு மாதமும் தவறவிட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் காசு போகும் வழி அதுதான். 4 இலட்சத்துக்கு 26 வீதம் என்றால் வருடத்துக்கு 104,000, மாதத்துக்குக் கிட்டத்தட்ட 8,700. நீங்கள் கட்டும் 20,000இல் அது போக, கடனில் கழிவது 11,300. அப்புறம் அதே அட்டையைத்தான் பலசரக்குக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் நீட்டுகிறீர்கள், கூற்றுகளைப் பார்த்தேன், மாதம் 11,000, 12,000 என்று ஏறுகிறது. கழிந்தது அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆறு மாதமாக அந்த 4 இலட்சம் அசையாமல் நிற்பதற்கு வேறு காரணம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், அட்டையில் வாங்கியதற்கு வட்டி ஏறாத சில நாட்கள் உண்டே, போன மாத நிலுவையை முழுதாகக் கட்டாதவர்களுக்கு அவை கிடைப்பதில்லை, இன்று வாங்கிய பால்மாவுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

இந்த நிலையில் 3 இலட்சத்தை வைப்பில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 8 வீதத்துக்கு வருடம் 24,000 வரும், அதில் 10 வீதம் வரி கழித்தால் கையில் 21,600. அதே 3 இலட்சத்துக்கு அட்டையில் நீங்கள் கொடுக்கும் வட்டி 78,000. வருடத்துக்கு 56,000 ரூபாவுக்கு மேல் கையால் கொடுத்துக்கொண்டு அதைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது? முதிர்வுக்கு முன் உடைத்தால் வங்கி வட்டியைக் குறைக்கும், உண்மைதான். அரை வருட வட்டி முழுவதையும் இழந்தால்கூட 10,800. அட்டையில் மிச்சமாவது மாதம் 6,500, இரண்டே மாதத்தில் அது திரும்பிவிடும். வைப்பை ஈடாக வைத்துக் கடன் எடுக்கலாம் என்று வங்கியில் சொல்லக்கூடும். அட்டை வட்டியைவிட அது எவ்வளவோ குறைவுதான், ஆனாலும் உங்களுக்கு இப்போது இன்னொரு கடன் கணக்கு வேண்டாம். உடையுங்கள்.

உடைத்தால் அட்டையில் மிஞ்சுவது 1 இலட்சம். பலசரக்கும் டியூஷனும் இனிமேல் கைக்காசில், அதற்கு 12,000 போனால் மாதம் 33,000 கடனுக்கு. நான்காவது மாதம் ஒரு சின்னத் தொகையோடு கணக்கு முடிந்துவிடும். அதுவரை அவசரம் வந்தால் என்ன செய்வது என்று பயப்படுவீர்கள். அட்டையில் 3 இலட்சம் விடுபட்டிருக்கும் அல்லவா, ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒன்று வந்தால் அன்றைக்கு அது உதவும். கடன் முடிந்த மாதத்திலிருந்து அதே 33,000ஐ வைப்பில் போடத் தொடங்குங்கள்.

வட்டியில்லாத் தவணை பற்றிக் கேட்டீர்கள். நிலுவையே இல்லாத ஒருவர், கையில் காசை வைத்துக்கொண்டு எடுத்தால் அதில் கெடுதல் இல்லை. உங்களுக்கு அப்படி அல்ல. மாதம் 20,000 தவணை உங்கள் குறைந்தபட்சத் தொகையோடு சேர்ந்துகொள்ளும், இரண்டும் சேர்ந்தால் 40,000, மிஞ்சும் 45,000இல் 5,000தான் மீதி. ஒரு மாதம் அதைக் கட்ட முடியாமல் போனால் கட்டாத தவணைக்கும் அதே 26 வீதம் ஏறும், அதோடு 240,000 முழுவதும் முதல் நாளே உங்கள் கடன் எல்லையைப் பிடித்துக்கொள்ளும். கையாளும் கட்டணம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டீர்களா? காசாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள், குறைத்தால் அந்த வித்தியாசம்தான் நீங்கள் கட்டவிருந்த வட்டி. மூன்று தவணையாகப் பிரித்துத் தருகிறோம் என்று இப்போது தொலைபேசிச் செயலிகளும் வருகின்றன, அந்தப் பக்கமும் தயவுசெய்து போகாதீர்கள், நிலுவை வைத்திருப்பவருக்கு அது இன்னொரு வாசலில் நிற்கும் கடன்காரர்.

சரி, கம்பளம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில இரவுகளில் 5 பாகைக்கும் கீழே இறங்கும், ஜனவரியில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. ஆகவே மாமாவின் கால் குளிர் உண்மையான தேவை, அதை நான் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஆனால் கம்பளம் அறையைச் சூடாக்காது, சீமெந்து காலின் சூட்டை இழுப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். தடுப்பது அதன் இழைகளுக்கு இடையில் நிற்கும் காற்று, அதனால் பரப்பைவிடத் தடிப்புத்தான் முக்கியம். ஹோல் முழுவதும் விரிக்கிற பெரிய காபட் உங்களுக்குத் தேவையே இல்லை. மாமா கட்டிலிலிருந்து கால் வைக்கும் இடத்தில் ஒன்று, அவர் உட்காரும் கதிரைக்கு முன்னால் ஒன்று, இரண்டும் தடிப்பாக.

கம்பளி நல்லதுதான். காற்றைப் பிடித்து வைக்கும், கொஞ்சம் ஈரத்தை வாங்கினாலும் காலுக்கு ஈரமாகத் தெரியாது, மிதித்தால் சீக்கிரம் தட்டையாகாது. ஆனால் கடையில் அதன் ஒரு மூலையைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கத்துப் பூ வேலை பின்பக்கத்திலும் அப்படியே தெரிந்து, ஒவ்வொரு முடிச்சும் விரலுக்குத் தட்டுப்பட்டால் அது கையால் முடிந்தது. பின்னால் ஒரு துணி ஒட்டியிருந்தால் துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் இழையைக் குத்தி, ரப்பர்ப் பசையால் பிடித்து வைத்த வகை. கையால் செய்தது என்று இரண்டையுமே சொல்லி விற்பார்கள், விலை மட்டும் வெகு தூரம். இந்தப் பசை ஈரச் சீமெந்தில் கிடந்தால் நாளடைவில் மாவு மாதிரி உதிரும், மணக்கவும் தொடங்கும். மலைநாட்டு மூடுபனியில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. மச்சாள் பார்த்தது எந்த வகை என்று தெரியாமல் 240,000 என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

சணல் விரிப்பு அந்த ஊருக்கு வேண்டாம், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தும்பு விரிப்பு வாசலுக்கு நல்லது, வெறுங்காலுக்குக் கரடு. மெசினில் செய்த பொலிபுரொப்பிலீன் காபட் கம்பளி அளவுக்குக் கதகதப்புத் தராது, ஆனால் ஈரத்தை உறிஞ்சாது, சின்னதாக இருந்தால் கழுவி வெயில் வந்த நாளில் கொடியில் போடலாம். கனல் அடுப்புப் பக்கத்தில் மட்டும் விரிக்காதீர்கள், ஒரு பொறி பட்டாலே உருகும். அதற்கடியில் அழுத்திய கம்பளித் துணி ஒன்றைப் போட்டால் மலிவான காபட்டும் காலுக்கு வேறு பொருளாகிவிடும். வழுக்காத ரப்பர் வலையையும் மறக்க வேண்டாம், முழங்கால் வலிக்காரர் சுருண்ட ஓரத்தில் தடுக்கி விழுந்தால் அந்தச் செலவுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. கதவின் அடியிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தால் செலவில்லாமல் பாதிக் காற்று நிற்கும்.

புறக்கோட்டையில் ஒரு சனிக்கிழமை காலை சுற்றினால் இரண்டு சின்ன விரிப்பு, அடித்துணி, ரப்பர் வலை எல்லாவற்றையும் ஒரு மாத மிச்சமான அந்த 33,000க்குள் முடிக்கப் பாருங்கள், காசாக. கடன் முடிய ஒரு மாதம் பிந்தும், பரவாயில்லை, மாமாவுக்கு இந்த டிசம்பரே வேண்டும்.

கடைசியாக மச்சாள். மூன்று வருடமாக நுவரெலியா வீட்டுக்கு வாங்கிய சலவை இயந்திரம், சுடுநீர்க் கருவி, கட்டில்கள் எல்லாம் உங்கள் அட்டையில்தான் விழுந்திருக்கின்றன. தீர்மானம் அவருடையது, கட்டுவது நீங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அப்பா அம்மாவுக்கு நல்லது வேண்டும் என்றுதான் கேட்கிறார், ஆனால் உங்கள் நிலுவை 4 இலட்சம் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? மருமகள் சொன்னால் அது குறையாகப் போய் முடியும், அதனால் இதைப் பேச வேண்டியவர் உங்கள் கணவர். கூற்றைக் கையில் வைத்துக்கொண்டே பேசட்டும். நுவரெலியா வீட்டுக்கென்று ஒரு தனிச் சேமிப்புக் கணக்குத் திறந்து, இரண்டு வீட்டாரும் மாதம் தலா 5,000 போடுவோம், அங்கே எது வாங்கினாலும் அந்தக் கணக்கில் இருப்பதற்குள் என்று அவர் கேட்கட்டும். வருடத்துக்கு 120,000 சேரும். அடுத்த வருடம் நல்ல கம்பளம் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றினால் அதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

வைப்பை உடைக்கப் போகும்போது சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். காசை வீட்டுக்கு எடுத்து வராமல் அங்கேயே அட்டைக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள், அது ஏறியிருக்கிறதா என்று அடுத்த கூற்றில் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.